தண்ணீர் படவில்லை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது, ரத்தக்கொதிப்பு, கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை, எல்லாவற்றோடும்தான். வாஷிங் மெஷின் மூன்றாவது தடவையாக நின்றுபோன ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், "எங்கே அந்தச் சிரிச்ச மூஞ்சி?" என்று கேட்டுக்கொண்டே வாரண்டி கவுன்ட்டருக்கு வந்தார். சிரித்த மூஞ்சி நான்தான். கையில் கிடைத்த பெட்டிக்குள் புகுந்தேன். மனிதர் போவார் என்று பார்த்தால், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, அத்தனையும் உண்மை. கடைசியில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவர் எழுந்து வந்து பெட்டியைத் தட்டி, "இதுக்கும் வாரண்டி உண்டா?" என்றார்.

போகட்டும். நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. அத்தானுடைய பேசும் டேப்லெட்டைத் துவாலையில் சுற்றி, பச்சைக் குழந்தையை அனுப்புவதுபோல் அனுப்பியிருக்கிறாய். எங்கே அழுத்தினாலும் கண் திறக்கவில்லை. கவலைப்படாதே. நம் கடையில் என் ஊழியர் தள்ளுபடியில் வாங்கியதுதானே. வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குமேல் நீட்டித்த வாரண்டியும் போட்டிருக்கிறேன். யாருக்குக் கையை விரித்தாலும், கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவனின் அக்காவுக்கா கையை விரிப்பார்கள்?

பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போனபிறகு அத்தானுக்கு இருந்த ஒரே வாய் அது. படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும். அதோடு வந்த குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று, எல்லாச் சொல்லையும் நானே என் குரலில் பதிந்து கொடுத்தேனே! தண்ணீர், வலி, சாப்பாடு, இல்லை, இங்கே வா, சீக்கிரம். திட்டாத அத்தான் அத்தானே இல்லை என்று கடைசி வரிசையில் வேடிக்கைக்காக 'கழுதை', 'தண்டம்', 'செத்துத் தொலை' எல்லாம் போட்டு, பக்கத்தில் 'திரும்பச் சொல்' என்று ஒரு பொத்தானும் வைத்தேன். அன்றைக்கு அவர் சிரித்தார், பார்த்தாயல்லவா? உன் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒருதடவைதான்.

போன் பண்ணினால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "எழுது, எழுது" என்று வைத்துவிடுகிறாய். சரி, எழுதிவிட்டேன். எப்படிக் கெட்டது என்று நீயும் ஒரு வரி எழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு என் வணக்கம். எனக்கு இங்கே தும்மலைத் தவிர வேறு குறையில்லை.

அத்தான் வைத்த பெயரிலேயே,
உன் ரேடியோ

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

பெட்டிக்குள் ஒளிந்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடு. பெட்டிக்குள் போகிற வயதா இது?

அவர் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. இடது கை நன்றாக வேலை செய்கிறது. கூப்பிட வேண்டுமென்றால் ஸ்பூனால் கட்டில் கம்பியில் தட்டுகிறார். என் முழங்காலும் அப்படியேதான்.

டேப் தானாகவே நின்றுவிட்டது. காலையில் பேசிக்கொண்டிருந்தது, பிறகு பேசவில்லை. தண்ணீர் படவில்லை.

போனில் வேண்டாம் என்றதற்கு வருத்தப்படாதே. ஒரே அறை. நான் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். கடிதம் என்றால் சமையல் மேடையில் வைத்து எழுதிவிடலாம்.

ஒன்றும் அவசரமில்லை. மற்றவர்களுடையதை முதலில் பார். ஒருவேளை சரியானால், அந்தக் கடைசி வரிசைப் பொத்தான்களை எடுத்துவிட முடியுமா? சும்மா கேட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் சௌக்கியமா? என் தும்மல் போய்விட்டது. அதற்குப் பதில் தலைவலி வந்திருக்கிறது. அந்தத் தலைவலியை இதோ உனக்கும் அனுப்புகிறேன்.

எங்கள் பின்னறையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். 'டாக்டர்' என்று கூப்பிடுவோம், இதுவரை யாரையும் பிழைக்க வைத்ததில்லை என்பதால். உன் டேப்பைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. பொட்டு சிவந்திருக்கு."

"லேசாத்தானே?"

"லேசாவா? கல்யாணப் பொண்ணு தோத்துடுவா, அப்படிச் சிவந்திருக்கு."

பொட்டு என்றால் உனக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கருவிகளுக்குள் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். சிவந்தால் வாரண்டி போச்சு. எங்கள் கவுன்ட்டரே அந்தப் பொட்டை நம்பித்தான் பிழைக்கிறது. நான் செய்கிற வேலை இவ்வளவுதான்: டார்ச் அடிப்பேன், பொட்டைப் பார்ப்பேன், சிரிப்பேன், "வருந்துகிறோம்" என்பேன்.

இத்தனை வருடத்தில் எத்தனை பொய்யைக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? போனைத் தட்டினால் உள்ளேயிருந்து மீன் செதில் விழுகிறது. அப்போதும் அந்த ஆள், "தண்ணியா? எங்க வீட்டுக் குழாயிலயே தண்ணி வராதுங்க" என்கிறார். அதிலும், நாம் கேட்காமலேயே "தண்ணீர் படவில்லை" என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் முதல் குற்றவாளிகள் என்பது எங்கள் டாக்டர் கண்டுபிடித்த விதி. நீயும் கேட்காமலேதான் எழுதியிருந்தாய். டாக்டர் உன் கடிதத்தைப் பார்த்து இளித்தார். எனக்கு வந்ததே கோபம். "அவ எங்க அக்காய்யா. சின்ன வயசுல நான் உடைச்ச ஜாடிக்கு, தானே உடைச்சேன்னு போய் அடி வாங்கினவ. அவளுக்குப் பொய் சொல்லவே வராது" என்றேன். சொன்னபிறகுதான் அந்த ஜாடிக் கதையில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றியது. விடு.

சட்டப்படி மறுப்புக் கடிதத்தை நான்தான் எழுத வேண்டும். பயன்படுத்துகிறவர் என்று உன் பெயரைக் கொடுத்திருந்ததால் உனக்கே எழுதினேன். இணைத்திருக்கிறேன், படித்துச் சிரி. மேலே முறையிடப் போகிறேன். ஒரு சொட்டுகூடப் படவில்லை என்று சத்தியமாக ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். கடைசி வரிசையை எடுக்கச் சொன்னாயே, அதுதானம்மா அதில் இருக்கிற ஒரே சுவை! அத்தான் கோபித்துக்கொள்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரேடியோ

(இணைப்பு)

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கருவியினுள் ஈரம் புகுந்த அடையாளம் காணப்பட்டதால், உத்தரவாத விதிகளின்படி அதைப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ இயலாது என்பதைப் புன்னகையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் நலனே எங்கள் நலன்.

வாடிக்கையாளர் நல அலுவலர்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

தலைவலி விட்டதா? இருட்டில் உட்கார்ந்து எழுதாதே.

உன் கம்பெனிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது. நம்மிடையே சத்தியமெல்லாம் எதற்கு? படவில்லை என்று ஒருமுறை எழுதிவிட்டேன். இயலாது என்று அவர்கள் சொன்னால் இயலாதுதான். விட்டுவிடு. பொருள்தானே.

இங்கே ஒரு வேடிக்கை. உன் டேப் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் டாக்டர் வந்தார், நிஜ டாக்டர். டாக்டர் கேட்கும்போது இவர் 'சாப்பாடு' என்பதைத் தொட்டார். அடுத்து 'இல்லை' என்பதைத் தொட்டார். பிறகு இரண்டையும் திரும்பச் சொல்ல வைத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் இவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. மதியம் கொஞ்சம் தூங்குகிறேன்.

உன் வீட்டுக்காரியையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீ தூங்குவதாக எழுதியதைப் படித்து என் வீட்டுக்காரி, "பாவம், மனசு விட்டுப்போச்சு, அதான் தூங்குறாங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. "விட்டுவிடு, பொருள்தானே" என்கிறாய். இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தே பழகிவிட்டாய். இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவருக்கு எப்போதும் முகம் பூராவும் புன்னகை. சம்பளத்தைப் பிடிக்கும்போதுகூட மாறாது.

"உங்க அக்காங்கிறதுக்காக விதியை மாத்த முடியுமா?" என்றார்.

"சார், அது ஒரு மனுஷனோட குரல். டிவி இல்ல, பாட்டுப்பெட்டி இல்ல. குரல்!"

"பொட்டு சிவந்திருக்கே."

"பொட்டு காத்துலயே சிவக்கும் சார். சமையல்கட்டு ஆவிலயே சிவக்கும். நம்ம பொட்டு பொய் சொல்லுது!"

என்ன வேகத்தில் சொன்னேன் என்கிறாய்! எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. நானே பேசி நானே அழுவதற்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது. கதவு திறந்திருந்ததைத்தான் கவனிக்கவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்களெல்லாம் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தானுடைய பழைய குரல் ஞாபகம் இருக்கிறதா? தெருமுனையில் திரும்பும்போதே அவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். "ஏய் ரேடியோ, வாயை மூடு" என்றால் நான் மட்டுமில்லை, தெருவே மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட சிங்கம் இன்று ஸ்பூனால் தட்டிக்கொண்டு கிடக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.

வட்டார அலுவலகத்துக்கு மனு போகிறது. அவருக்கு அது கட்டாயம் தேவை என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி, டேப் இருந்த இடத்தை ஒரு படமும் எடுத்து உடனே அனுப்பு. முழங்காலுக்குச் சூடு வை.

ரேடியோ

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? பதிலே காணோம். சான்றிதழும் வரவில்லை, படமும் வரவில்லை. அத்தானுக்கு ஏதும் இல்லையே? நடுவில் பயந்துபோய் ஒருநாள் போன் பண்ணினேன். நான் "அக்கா" என்றதுமே யாரோ வைத்துவிட்டார்கள். லைன் கோளாறு என்று நினைக்கிறேன்.

என் கதை இது. அன்று வரிசையில் நின்று கேட்டவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இப்போது கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்குமுன் "காத்துலயே சிவக்குமாமே" என்கிறார்கள். ஹெட்மாஸ்டர் அதையே அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தார். அவருடைய வாஷிங் மெஷினுக்கும் பொட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தாலும் என்ன கம்பீரம்!

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அதே புன்னகையோடு, "கொஞ்ச நாள் கிடங்குல இருங்க, ஓய்வா இருக்கும்" என்றார். ஆக, ஜன்னல் இல்லாத இடத்தில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒளிந்துகொள்ள ஏகப்பட்ட பெட்டி இருக்கிறது, தேடி வருவதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரு வரியாவது போடு.

ரேடியோ

மே 24

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு வருத்தம். எனக்கு ஒன்றுமில்லை. உனக்குக் கிடங்கில் தூசி ஒத்துக்கொள்ளாதே, மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா?

என்னால் உனக்கு இந்தக் கஷ்டம். மேனேஜரிடம் போய், அக்கா வேண்டாம் என்று எழுதிவிட்டாள் என்று சொல். இந்தக் கடிதத்தையே காட்டு. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்.

அவர் பேச்சுக்கு வழியில்லாமல் கிடக்கிறார் என்று நினைத்து மறுகாதே. நானே ஒரு அட்டையில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். டம்ளர், தட்டு, விளக்கு, தலையணை, கழிப்பறை. வலிக்கு ஒரு அழுகிற முகம். விரலை வைத்துக் காட்டினால் உடனே செய்துவிடுகிறேன். ஒரு குறையும் வைப்பதில்லை. திட்டுவதற்கு மட்டும் எனக்குப் படம் வரையத் தெரியவில்லை. அதனால் கடைசி வரிசை காலியாக இருக்கிறது. சில நேரம் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

டாக்டரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. அவராகவே, வலது கைக்கு உயிர் திரும்பலாம் என்றார். எனக்கு நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். அந்தக் கையை டாக்டருக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

நேற்று பால்கனியில் நின்று ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுவதற்குள் முழுதாகக் குடித்தேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உட்கார்ந்துகொண்டு படி. ஜெயித்துவிட்டோம்!

உன் கடிதத்தை நான் மேனேஜரிடம் காட்டவில்லை. கை தெரியும், கால் தெரியும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து, முப்பது வருடத் தாம்பத்தியம் என்றால் சும்மாவா என்று என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஏனோ பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

கிடங்கில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. யோசிப்பது இந்த வயதில் உடம்புக்கு ஆகாது. எத்தனை பேரைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒரு அம்மாள், "நான் பொய் சொல்றவ மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டாள். "பொட்டு அப்படித்தாம்மா சொல்லுது" என்றேன். உன்னுடையது காற்றிலேயே சிவந்தது என்றால், அவளுடையதும் அப்படித்தானே சிவந்திருக்கும்? அவர்கள் எல்லாருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் பொய்யன், என்று இப்போது தோன்றுகிறது. ராத்திரி மாத்திரை போட்டும் ரத்தக்கொதிப்பு இறங்க மாட்டேன் என்கிறது.

நடந்தது இது. கவுன்ட்டரில் கூச்சல் தாங்காமல் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒரு புது டேப் தருகிறோம், புத்தம் புது மாடல். பதிலுக்கு நீ ஒரு கையெழுத்துப் போடு என்றார். "பொட்டு ஒருபோதும் பொய் சொல்லாது. நான் சொன்னது தவறு. வாடிக்கையாளர்களைக் குழப்பியதற்கு வருந்துகிறேன்." அதை என் பெயரோடு கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார். கிடங்கு வாசல்வரை நடந்து வந்தார். திட்டவில்லை. "உன்னை நம்பினேனேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அட்டைப்பெட்டிக்கு வெளியே நின்று அவர் திட்டியதே தேவலை என்று இருந்தது.

உண்மைக்காகச் சண்டை போட்டு, பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போகட்டும், அத்தானுக்குக் குரல் வந்ததே. பழைய பதிவுகளையெல்லாம் ஏற்றிவிட்டேன். கடைசி வரிசையில் புதிதாகச் சிலது சேர்த்து, இன்னும் உணர்ச்சியோடு பேசியிருக்கிறேன். சத்தமும் இதில் இரண்டு மடங்கு. அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உன் தம்பி என்ற பெருமையோடு,
ரேடியோ

ஜூலை 15

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

அனுப்பாதே. உனக்கே வைத்துக்கொள், அல்லது உன் மகளுக்குக் கொடு. அனுப்பாதே.

அக்கா

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குமுன் பார்சல் போய்விட்டது. "உன் மகளுக்குக் கொடு" என்று நீ எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். இந்த நிலையிலும் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத மனசு யாருக்கு வரும்?

இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். அத்தான் முதலில் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது. கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்களெல்லாம் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக எழுது. இங்கே ரத்தக்கொதிப்பைத் தவிர மற்றதெல்லாம் இறங்கித்தான் இருக்கிறது.

ரேடியோ

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்துக்கொள். எனக்கு முழங்கால்தான், வேறொன்றுமில்லை. பழையபடி மதியத் தூக்கம் போய்விட்டது.

பார்சல் வந்த நேரம் நான் கடைக்குப் போயிருந்தேன். அவருக்கு உடற்பயிற்சி செய்துவிட வரும் பெண் அதை வாங்கி, பிரித்து, சார்ஜ் போட்டு, அவர் மடியில் வைத்துவிட்டாள். நான் படியேறும்போதே உன் குரல் கேட்டது. நீயே வந்துவிட்டாய் என்று நினைத்து, மிச்சப் படியையெல்லாம் ஓடி ஏறினேன்.

முதல் சொல் கேட்டிருந்தாய். 'தண்ணீர்' என்று எல்லாரிடமும் சொல்லிவிடு. அந்தப் பெண் இருந்தவரைக்கும் அதுதான். அவள் கைதட்டினாள். அவள் போனபிறகு கடைசி வரிசைக்குப் போனார். விளக்கை அணைக்கும்வரை கடைசி வரிசைதான். சத்தம் நீ சொன்ன மாதிரி இரண்டு மடங்கு இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், என் மேல் இரக்கப்பட்டு.

'கழுதை' என்று பதிந்திருக்கிறாயே, அந்தச் சொல் முடியும் இடத்தில் உனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. அடக்கிக்கொண்டிருக்கிறாய். ஒருதடவை கேட்டால் தெரியாது. நாள் பூராவும் கேட்டால் தெரியும். போனில் வேண்டாம், எழுது என்று நான் சொன்னதும் அதனால்தான். கடிதத்தில் உன் குரல் இல்லை.

கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தை நினைத்து வெட்கப்படாதே. நீ பொய்க்குக் கையெழுத்துப் போடவில்லை. அந்த அம்மாளையும் மற்றவர்களையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்மாஸ்டரிடம் மட்டும் எனக்காக மன்னிப்புக் கேள்.

புதுப் பெட்டியின்மேல், தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்று அச்சடித்திருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு என்று போடவில்லை. உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். மாத்திரையை மறக்காதே.

அக்கா

பின்குறிப்பு: பழையது அன்றைக்கு, 'திரும்பச் சொல்' அழுத்தியபடியே கிடந்து, "தண்ணீர், தண்ணீர்" என்று உன் குரலில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு டம்ளரில் கொடுத்தேன். அதற்கு வாளியில்.